ஜீப் கீழே போய் வந்த நாளில் மட்டும் ஓடிய படகு மோட்டார்: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

சேலத்தில் எனக்கு ஒரு சின்னப் பட்டறை. பம்புசெட், ஜெனரேட்டர், மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயர், புல்வெட்டி இவற்றை வைத்துத்தான் பிழைப்பு ஓடுகிறது. கடல் இல்லாத ஊரில் படகு மோட்டாருக்கு என்ன வேலை என்று கேட்பார்கள். மேட்டூர் அணைப் பக்கமிருந்து வருடத்துக்கு 3 அல்லது 4 வரும். மலையிலிருந்து இறங்கி வந்தது இந்த ஒன்றுதான்.

சேர்வராயன் மலையில் உள்ள ஒரு தனியார் காப்பித் தோட்டத்துடையது அது. தோட்டத்துக்குள் 5 ஏக்கர் அளவில் ஓர் ஏரி இருக்கிறது. காப்பிச் செடி பூக்கும் காலத்தில் மழை தவறினால் தெளிப்பதற்கு அந்தத் தண்ணீர்தான். கொஞ்சம் அசந்தால் ஆகாயத்தாமரை மூடிவிடும். அதை வலையில் கட்டி இழுத்துக் கரை சேர்க்க 14 அடி ஃபைபர் படகு வைத்திருக்கிறார்கள். அதன் பின்பலகையில் 8 குதிரைத்திறன் கொண்ட டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார். 2 சிலிண்டர், இரண்டுக்கும் சேர்த்து, காற்றோடு பெட்ரோலைக் கலந்து கொடுக்கும் கார்பரேட்டர் ஒன்றே. கடற்கரை ஊர் ஒன்றில் செகண்ட் ஹேண்டில் வாங்கியது.

இதன் பெட்ரோல் வழியைச் சொல்லிவிட்டால் மற்றது எளிதாகப் புரியும். படகின் தரையில் 24 லிட்டர் பிளாஸ்டிக் டேங்க் தனியாக இருக்கும். அதன் மூடியில் காற்று போக ஒரு திருகு. டேங்கிலிருந்து ஒரு ஹோஸ், ஹோஸின் நடுவில் கையால் அமுக்கும் ரப்பர் பல்பு, மறுமுனையில் மோட்டாரில் சொருகும் கனெக்டர். டேங்க் மோட்டாரைவிடத் தாழ்வில் இருப்பதால் பெட்ரோல் தானாக ஓடி வராது, உறிஞ்சித்தான் எடுக்க வேண்டும். தொடக்கத்தில் அந்த வேலையைக் கை செய்கிறது. ஓடத் தொடங்கியதும் மோட்டாரின் பக்கவாட்டில் உள்ள சின்ன பம்ப் பார்த்துக்கொள்கிறது. பிஸ்டன் ஏறி இறங்கும்போது அதற்குக் கீழுள்ள கிராங்க்கேஸ் அறையில் எழும் அழுத்தத் துடிப்பில் ஒரு மெல்லிய சவ்வு அசையும். அந்த அசைவுதான் பம்ப். பெரிய இழுப்பு அதனிடம் கிடையாது. வழியில் சின்னத் தடை இருந்தாலும் திணறிவிடும்.

தோட்டத்து ஜீப் செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் சாமான் வாங்கச் சேலம் இறங்கும். போகும்போது டேங்கையும் ஏற்றிக்கொண்டு போய், கீழே பங்கில் பெட்ரோல் போட்டு, லிட்டருக்கு 20 மில்லி கணக்கில் டூ-ஸ்ட்ரோக் ஆயில் கலந்து கொண்டுவருவார்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பெட்ரோல் நாற்றம் தாங்காது என்பதால் காற்றுத் திருகை இறுக மூடியே கொண்டுபோவார்கள். நடுவில் தீர்ந்துபோனால் மலையிலேயே கேனில் வாங்கி ஊற்றிக்கொள்வார்கள். இந்த விவரம் எதுவும் முதல் 3 வாரம் எனக்குத் தெரியாது. நானும் கேட்கவில்லை.

புகார்

2025 ஏப்ரல் கடைசியில் தோட்டத்து மேலாளர் போனில் பேசினார். ஐட்லிங் நன்றாக நிற்கிறது, மெதுவாக ஓட்டினால் பரவாயில்லை, முழு ஆக்சிலேட்டர் கொடுத்தால் 3, 4 நிமிடத்தில் அடங்கி நின்றுவிடுகிறது, பல்பை நாலு தடவை அமுக்கினால் மறுபடி ஸ்டார்ட் ஆகிறது என்றார். “சில நாள் நல்லாவும் ஓடுது சார். சில நாள் காலைல பெட்ரோல் வாசம் தூக்குது” என்று கடைசியில் சேர்த்துக்கொண்டார்.

சில நாள் என்றால் எந்த நாள் என்று கேட்டிருக்க வேண்டும். நான் மனசுக்குள் அடைப்பு, கார்பரேட்டரில் பெட்ரோல் நிரம்பி வழியாமல் அடைக்கும் நீடில் வால்வு தேய்மானம் என்று இரண்டு வரி எழுதிக்கொண்டு, “மோட்டாரைக் கழட்டி ஜீப்ல ஏத்தி விடுங்க” என்றேன். அவர்களும் சொன்னபடியே மோட்டாரை மட்டும் அனுப்பினார்கள்.

பட்டறையில் செய்தது

கார்பரேட்டரைப் பிரித்தேன். ஃபுளோட் கிண்ணத்தின் அடியில் மஞ்சள் பிசின் கொஞ்சம். மெதுவாக ஓடும்போது பெட்ரோல் விடும் சின்னத் துளையான பைலட் ஜெட் பாதி அடைத்திருந்தது, வேகத்தில் விடும் மெயின் ஜெட் சுத்தம். நீடிலின் நுனியில் லேசாக வளையம் விழுந்திருந்தது, மாற்றினேன். பம்பைத் திறந்தால் சவ்வு கொஞ்சம் விறைத்திருந்தது, கிழியவில்லை. ஆனாலும் கிட் கையில் இருந்ததால் அதையும் மாற்றினேன். மோட்டாரின் உள் ஃபில்டரைக் கழுவிப் போட்டேன்.

பிறகு 200 லிட்டர் டிரம்மில் தண்ணீர் நிரப்பி, அதில் புரொப்பல்லர் முங்கும்படி மோட்டாரை மாட்டி, பட்டறையில் இருக்கும் என்னுடைய டேங்கையும் ஹோஸையும் சொருகி ஓட்டினேன். அரை மணி நேரம் பிசிறில்லாமல் ஓடியது. பில் 3,800 ரூபாய்.

இந்தச் சோதனையில் இரண்டு ஓட்டை. முதலாவது, டிரம்மில் மோட்டாருக்குப் பாரமே கிடையாது. தண்ணீர் சேர்ந்து சுழலும், நுரை கட்டும். பாதி ஆக்சிலேட்டருக்கு மேல் கொடுத்தால் டிரம்மில் உள்ளது பாதி நம் சட்டையில் இருக்கும். பாரம் இல்லாத இடத்தில் பெட்ரோல் செலவும் கொஞ்சம்தான், பம்புக்கு இழுப்பும் கொஞ்சம்தான். ஏரியில் தாமரையை இழுத்துக்கொண்டு முழு ஆக்சிலேட்டரில் போகும் மோட்டாரின் பசி வேறு. இரண்டாவது ஓட்டை இதைவிடப் பெரியது. பெட்ரோல் வழியில் பாதி மலையிலேயே இருந்தது. நான் சோதித்தது அவர்கள் மோட்டாரையும் என் ஹோஸையும்.

மலையின் மேல் பழி

நான்காம் நாள் மேலாளர் மறுபடி கூப்பிட்டார். அதே கதை. பெட்ரோல் வாசமும் அதே. கூடவே அவருக்கு ஒரு சந்தேகம் வந்திருந்தது: கீழே போட்ட பெட்ரோல் ஓடுகிறது, மலையில் வாங்கியது ஓடவில்லை, அதில் தண்ணீர் இருக்குமோ? இரண்டிலும் ஒவ்வொரு பாட்டில் அனுப்பச் சொன்னேன். கண்ணாடி பாட்டிலில் ஓர் இரவு வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் அடியில் தண்ணீர்ப் படலம் இல்லை, கலங்கலும் இல்லை, நிறமும் ஒன்றே. எத்தனால் கலந்த பெட்ரோலில் தண்ணீர் அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் பிரிந்து நிற்கும். வெறும் கண்ணுக்கே தெரியும். அப்படி எதுவும் இல்லாததால் பெட்ரோல் மேல் குற்றமில்லை என்று முடித்தேன். அந்த முடிவு சரி. கீழே போட்ட பெட்ரோல் ஓடுகிறது என்ற தகவலையும் சேர்த்துக் குப்பையில் போட்டதுதான் தவறு.

அப்புறம் நான் பிடித்துக்கொண்டது உயரத்தை. சேலம் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஏற்காடு 1,515 மீட்டர். மேலே காற்றழுத்தம் ஏறக்குறைய 845 மில்லிபார்தான். அதாவது கீழே இருப்பதைவிட 130 மில்லிபார் குறைவு. காற்று மெலிந்தால் கார்பரேட்டர் அதே ஜெட்டில் அதே அளவு பெட்ரோலைத்தான் விடும். கலவையில் பெட்ரோல் மிகுந்துவிடும், சக்தி குறையும். சேலத்தில் நன்றாக ஓடி மலையில் படுத்துக்கொள்ளும் வண்டிகளைப் பார்த்துப் பழகியவன் நான். கீழே டிரம்மில் ஓடியது, மேலே ஏரியில் ஓடவில்லை. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும் என்று தோன்றியது. ஓர் எண் சிறிய மெயின் ஜெட்டை ஜீப்பில் கொடுத்தனுப்பி, மாட்டும் விதத்தைப் போனிலேயே சொன்னேன். 900 ரூபாய்.

மாட்டிய மறுநாள் 2 நிமிடத்திலேயே நின்றது.

இங்கே நிதானித்திருக்கலாம். பெட்ரோல் மிகுந்து திணறும் மோட்டாருக்குப் பெட்ரோலைக் குறைத்தால் நிலைமை கொஞ்சமாவது தேற வேண்டும். இது மோசமானது. அது போக, பெட்ரோல் மிகுந்தால் பிளக் கரி பிடித்து ஈரமாக இருக்கும். பிளக்கை ஒரு தடவை கழற்றிப் பார்க்கச் சொல்லியிருந்தால் போனிலேயே பாதி தீர்ந்திருக்கும். நான் சொல்லவில்லை. மலை என்ற காரணம் அவ்வளவு பொருத்தமாக இருந்தது.

ஏரியில் ஒரு நாள்

மே நடுவில், ஒரு புதன்கிழமை, கருவிப் பெட்டியோடு நானே மேலே போனேன். கோடை விழாக் கூட்டம் வரத் தொடங்கியிருந்தது, வளைவுகளில் நின்று நின்று போக 2 மணி நேரம் ஆயிற்று. படகோட்டி பக்கத்து மலைக்கிராமத்துக்காரர், 50 வயது தாண்டியவர். படகில் ஏறினதும் அவர் சொன்ன முதல் விஷயம்:

“ஜீப்பு கீழ போயிட்டு வந்த அன்னிக்கு, மூடித் திருகத் தொறக்காம ஓட்டுனா ஓடுதுங்க. தொறந்தா நின்னுடுது.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காற்றுத் திருகை மூடிவைத்தால் டேங்கில் வெற்றிடம் உண்டாகி மோட்டார் நின்றுபோகும்; இது முதல் பாடம். திறந்தால் நிற்கிறது என்று ஒருவர் சொன்னால் மாற்றிச் சொல்கிறார் என்றுதானே நினைப்போம்? “அண்ணா, திருகு எப்பவும் தொறந்துதான் இருக்கணும்” என்று பாடம் எடுத்தேன். அவர் தலையாட்டினார். மறுத்துப் பேசவில்லை.

திருகைத் திறந்து கிளம்பினோம். நான் டேங்கின் பக்கத்தில் உட்கார்ந்து பல்பின் மேல் கையை வைத்துக்கொண்டேன். முழு ஆக்சிலேட்டர் கொடுத்து 3 நிமிடம் இருக்கும், கைக்கு அடியில் பல்பு மெல்லச் சப்பத் தொடங்கியது. வெயிலில் வாடிய தக்காளி போல ஒரு பக்கம் உள்ளே இறங்கி, பிறகு இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டது. அதே நேரம் மோட்டாரின் சத்தம் ஒரு கணம் கூர்மையாக ஏறிச் சட்டென்று விழுந்தது. பெட்ரோல் மிகுந்து சாகும் மோட்டார் தொண்டை கட்டியவன் போலக் கொர கொரவென்று இழுத்து இழுத்து நிற்கும். இது பட்டினியில் நின்ற சத்தம்.

அங்கேயே, நடு ஏரியில், பிளக் இரண்டையும் கழற்றினேன். நல்ல கலவையில் ஓடிய டூ-ஸ்ட்ரோக் பிளக்கின் பீங்கான் வறுத்த காப்பிக்கொட்டை நிறத்தில் இருக்கும். இவை இரண்டும் வெளிறி, சாம்பல் தட்டியிருந்தன. உயரக் கதை அந்த இடத்திலேயே முடிந்தது. பயமும் வந்தது. டூ-ஸ்ட்ரோக்கில் ஆயில் பெட்ரோலோடுதான் உள்ளே போகிறது. பெட்ரோல் பட்டினி என்றால் ஆயிலும் பட்டினி. 3 வாரமாக இதை இப்படி ஓட்டியிருக்கிறார்கள், போதாததற்கு நான் ஜெட்டை வேறு சுருக்கியிருக்கிறேன். கரைக்குத் துடுப்புப் போட்டே வந்தோம்.

முதல் வேலையாகச் சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரெஷன் கேஜை மாட்டி இரண்டு சிலிண்டரையும் பார்த்தேன். அளவு 5 பவுண்டுக்குள்தான் வித்தியாசம். மலையில் காற்றே மெலிந்திருப்பதால் கேஜ் கீழே காட்டுவதைவிடக் குறைவாகத்தான் காட்டும். இரண்டும் ஒத்துப்போகிறதா என்பதே அங்கே முக்கியம். ஒத்துப்போனது. எக்ஸாஸ்ட் வழியாக டார்ச் அடித்ததில் பிஸ்டனின் ஓரத்தில் மெல்லிய கோடுகள் இரண்டு மூன்று தெரிந்தன. நகத்தில் தட்டுப்படாத அளவுதான். தப்பித்தது.

தேடல்

பல்பு சப்பினால் அதற்கு முன்னால், டேங்க் பக்கம், தடை. பல்பு தொளதொளவென்று நிறையாமலே இருந்தால் எங்கோ காற்று புகுகிறது. பல்பு கெட்டியாக இருந்தும் மோட்டார் நின்றால் பல்புக்குப் பின்னால், மோட்டார் பக்கம் பார்க்க வேண்டும். இங்கே சப்பியது. ஆகவே டேங்க் மூடி, டேங்குக்குள் இறங்கும் குழாய், அதன் நுனிச் சல்லடை, அங்கிருந்து பல்பு வரை உள்ள ஒன்றரை மீட்டர் ஹோஸ், பல்பின் நுழைவு வால்வு, இவற்றுக்குள்தான் கோளாறு.

மூடியை முழுசாகவே கழற்றி வைத்து, படகைக் கரையில் கட்டியபடி ஓட்டினேன். கட்டிய படகு நகராது, பாரம் முழுசாக விழும். டிரம்மைவிட எவ்வளவோ நல்ல சோதனை. அப்போதும் சப்பியது. மூடி விடுதலை. உள்குழாயை உருவினேன், சல்லடை பளிச்சென்று இருந்தது. பல்பை மாற்றினேன், நான் கொண்டுபோனதைப் போட்டு. அப்போதும் சப்பியது.

மிச்சம் ஹோஸ். அதைக் கழற்றி வாயில் வைத்து ஊதினேன். தாராளமாகக் காற்று போனது. ஹோஸ் சரி என்று சொல்லி ஓரமாகப் போட்டேன்.

எல்லாமே சரி, ஆனால் பெட்ரோல் வரவில்லை. டீ குடித்தோம். மணி 3 ஆகி மூடுபனி ஏரியின் மறுகரையைத் தின்ன ஆரம்பித்திருந்தது. வேறு வழி தெரியாமல் டேங்கைத் தூக்கி, மோட்டாரைவிட உயரமாக ஒரு கல்லின் மேல் வைத்து ஓட்டிப் பார்த்தேன். (சோதனைக்காகச் சில நிமிடம், பக்கத்திலேயே நின்றுகொண்டு. இப்படி வைத்து யாரும் படகு ஓட்டக் கூடாது, கார்பரேட்டர் ஒழுகினால் படகு முழுக்கப் பெட்ரோல்.) மோட்டார் 10 நிமிடம் குறையில்லாமல் ஓடியது.

கீழிருந்து உறிஞ்சினால் வரவில்லை. மேலிருந்து விழுந்தால் வருகிறது. தள்ளினால் திறக்கிற, இழுத்தால் மூடுகிற ஏதோ ஒன்று வழியில் இருக்கிறது. நான் ஹோஸை ஊதித்தானே பார்த்தேன்? ஊதுவது தள்ளுவதல்லவா?

அப்போதுதான் படகோட்டி சொன்னது திரும்ப வந்து காதில் விழுந்தது. ஜீப் கீழே போய் வந்த நாள். மூடிய திருகு.

சேலத்தில் இறுக மூடிய டேங்க், உள்ளே கீழ்நாட்டுக் காற்றழுத்தத்தோடு 1,200 மீட்டருக்குமேல் ஏறுகிறது. மேலே வந்ததும் வெளியே 130 மில்லிபார் குறைவு. குளிரில் உள்ளழுத்தம் கொஞ்சம் இறங்கினாலும், மிச்சம் இருப்பதே டேங்கை உப்பவைக்கப் போதும். திருகைத் திறக்காமல் ஹோஸைச் சொருகினால் அந்த அழுத்தம் பெட்ரோலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். டேங்கில் பாதி காலியாக இருந்தால் உத்தேசமாக ஒன்று, ஒன்றரை லிட்டர் தள்ளிவிடும். முழு ஆக்சிலேட்டரில் இந்த மோட்டார் மணிக்கு 4 லிட்டருக்குக் குறையாமல் குடிக்கும். அப்படியானால் 20 நிமிடம். “மூடி வெச்சு ஓட்டுனா எவ்வளவு நேரம் ஓடுமுங்க?” என்று கேட்டேன். “ஏரிய ஒரு சுத்து இழுத்து முடிக்கிற வரைக்கும்” என்றார். ஒரு சுற்று இழுக்க அவருக்கு 20 நிமிடம் ஆகுமாம். அப்புறம் நின்றுபோகுமாம், திருகைத் தளர்த்தினால் டேங்க் ‘ஸ்’ என்று உள்ளே இழுக்குமாம். காலையில் திறந்தால் ‘புஸ்’ என்று வெளியே விடுமாம்.

சில காலைகளில் வந்த பெட்ரோல் வாசமும் இதுதான். உப்பிய டேங்கோடு ஹோஸைச் சொருகும்போது கனெக்டர் நுனியில் பெட்ரோல் பீச்சியிருக்கிறது. அதற்கு நான் நீடில் வால்வு மாற்றியிருந்தேன். கீழே போட்ட பெட்ரோல் நல்லது, மலையில் வாங்கியது கெட்டது என்று மேலாளர் கண்டதும் இதே. மலையில் கேனிலிருந்து ஊற்றிய டேங்குக்குள் அழுத்தம் எங்கிருந்து வரும்?

ஹோஸ்

ஓரமாகப் போட்ட ஹோஸை எடுத்து வந்து, இந்தத் தடவை 50 மில்லி ஊசிக்குழாய் ஒன்றைப் பல்புப் பக்கம் பொருத்தி மெல்ல இழுத்தேன். கொஞ்சம் வந்தது. வேகமாக இழுத்தேன், பிஸ்டன் பாதியில் நின்று, விட்டவுடன் ‘டக்’ என்று தானாகத் திரும்பிப் போனது. மறுமுனை திறந்துதான் இருந்தது. படகோட்டியிடம் கொடுத்தேன், அவரும் இழுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். இந்தத் தடவை சிரிக்க வேண்டியவர் அவர்தான்.

கத்தியால் நீளவாக்கில் கீறினேன். வெளியே ரப்பர் புதுசு போல இருந்தது, வெடிப்பு இல்லை. உள்ளே மெல்லிய உள்ளுறை ஒன்று இருந்தது. அது ரப்பரிலிருந்து ஒரு சாண் நீளத்துக்குக் கழன்று, பாம்புச் சட்டை மாதிரி சுருங்கி நடுவில் தொங்கியது. ஊதினால் சுவரோடு படிந்து வழி விடுகிறது. உறிஞ்சினால் வாய் மூடிக்கொள்கிறது. மெதுவாக ஓட்டும்போது இழுப்பு குறைவு, அதனால் சந்தில் பெட்ரோல் கசிந்து வந்துவிடும். முழு ஆக்சிலேட்டரில் இழுப்பு ஏற ஏற அது இறுகும். புகாரில் சொன்னது அத்தனையும் அந்த ஒரு சாண் தோலில் இருந்தது.

ஹோஸ் எந்த வருடத்தது என்று படிக்க எழுத்து எதுவும் மிச்சமில்லை. எத்தனால் கலப்புக்குத் தாங்காத உள்ளுறை இப்படிப் பிரிவதுண்டு. 2023 முதல் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் படிப்படியாக எல்லா ஊருக்கும் வந்துவிட்டது. பழைய மோட்டாரோடு வந்த பழைய ஹோஸுக்கு அது பழக்கமில்லாத சாப்பாடு. இந்த ஒன்றில் அதுதான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். மழைக்காலம் முழுக்க ஹோஸைப் பெட்ரோலோடு சுருட்டி ஷெட்டில் போட்டிருந்தார்கள், அதற்கும் பங்கு இருக்கும்.

சரிசெய்தது

அன்று மாலை நான் கொண்டுபோன ஹோஸைத் தற்காலிகமாகப் போட்டு, பழைய மெயின் ஜெட்டையே திரும்ப மாட்டினேன். திருகைத் திறந்து, கட்டிய படகில் 15 நிமிடம் முழு ஆக்சிலேட்டர். பல்பு வட்டமாக நின்றது. எத்தனால் பெட்ரோலுக்கு ஏற்றது என்று அச்சிட்ட ஹோஸும் பல்பும் சென்னையிலிருந்து வர ஒரு வாரம் ஆனது. கிளிப் உட்பட 2,600 ரூபாய். முந்தைய பில்லில் தேவையில்லாமல் மாற்றிய நீடிலுக்கும் ஜெட்டுக்கும் வாங்கியதை இதில் கழித்துக்கொண்டேன். பைலட் ஜெட் சுத்தம் செய்த கூலியைக் கழிக்கவில்லை, அது நிஜமாகவே அடைத்திருந்தது.

ஜெட்டைப் பற்றி ஒரு வார்த்தை. உயரத்தில் கலவை கொழுக்கும் என்பது பொய்யில்லை. பழைய ஜெட்டில் இப்போது பிளக் கொஞ்சம் கருத்துத்தான் வருகிறது, உச்சத்தில் சத்தமும் கொஞ்சம் மந்தம். சிறிய ஜெட்டைப் போட்டால் இன்னும் துடிப்பாக ஓடும். ஆனாலும் போடவில்லை. தாமரை இழுக்கும் படகுக்கு வேகம் தேவையில்லை, அந்தப் பிஸ்டனில் ஏற்கெனவே கோடு விழுந்திருக்கிறது. அடுத்த தடவை எங்காவது பெட்ரோல் குறைந்தால் தாங்குவதற்குக் கொஞ்சம் கொழுப்பு இருக்கட்டும்.

காற்றுத் திருகு விஷயத்தில் படகோட்டியோடு பேசி முடிவு செய்தோம். மலை ஏறும்போது மூடியே வரட்டும், ஜீப்புக்குள் பெட்ரோல் ஆவி பரவக் கூடாது. ஏரிக்கரையில் இறக்கியதும், பீடி பற்றவைக்கும் ஆள் யாரும் பக்கத்தில் இல்லாத இடத்தில் வைத்து, முதலில் திருகைத் திறந்து ‘புஸ்’ போகவிட வேண்டும். அப்புறம்தான் ஹோஸ்.

இப்போது பட்டறையில்

படகு மோட்டார் என்று போன் வந்தால் டேங்க், ஹோஸ், பல்பு எல்லாவற்றையும் சேர்த்தே அனுப்பச் சொல்கிறேன். ஹோஸ் இல்லாமல் வந்தால் பிரிப்பதில்லை. பவர் ஸ்பிரேயருக்கும் இதே பழக்கம் வந்துவிட்டது. ஹோஸை ஊதிப் பார்ப்பதை விட்டுவிட்டு ஊசிக்குழாயால் இழுத்துப் பார்க்கிறேன். வாயால் உறிஞ்சும் பழக்கம் நம் மெக்கானிக்குகளிடம் உண்டு. பெட்ரோல் நுரையீரலுக்குள் போனால் ஆளையே சாய்த்துவிடும், ஓர் ஊசிக்குழாய் போதும். டிரம்மில் ஓடினால் ஸ்டார்ட் ஆகிறது, மோட்டாரைக் குளிர்விக்கும் தண்ணீர் சுற்றுகிறது என்று மட்டும் எழுதிக்கொடுக்கிறேன்.

சில நாள் ஓடுகிறது என்று யாராவது சொன்னால், எந்தெந்த நாள், அன்றைக்கு வேறு என்ன நடந்தது என்று ஒரு வாரத்துக்குக் குறித்துக் கொடுக்கச் சொல்கிறேன். அந்தத் தோட்டத்தில் யாராவது குறித்திருந்தால் செவ்வாயும் வெள்ளியும் அதில் பளிச்சென்று தெரிந்திருக்கும். போனிலும் இப்போது மேலாளரிடம் கேட்டுவிட்டு, ஓட்டுகிறவரிடம் கொடுங்கள் என்று வாங்கிப் பேசுகிறேன்.

ஜூன் முதல் அந்த மோட்டார் பெட்ரோலால் நின்றதில்லை. டிசம்பரில் சர்வீசுக்கு வந்தபோது பிளக் நிறம் சரியாக இருந்தது, பிஸ்டன் கோடு கூடவில்லை. கியர் ஆயில் மட்டும் டீ நிறத்தில் இறங்கியது. கீழே எங்கோ சீல் வழியாகத் தண்ணீர் புகுகிறது. புரொப்பல்லர் தண்டில் தூண்டில் நரம்பு சுற்றியிருந்ததை எடுத்தேன், சீல் செட்டுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். ஏரியில் மீன் பிடிப்பது யார் என்று படகோட்டியிடம் கேட்டேன். அதற்கு மட்டும் அவர் பதில் சொல்லவில்லை.